ஒற்றை டிக்கெட் அனுப்பிய மகனுக்கு

ராஜா,

நீ அனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. நீ இருக்கிற ஓக்லண்டில் அடுத்த மாதம் கறுப்பின எழுத்தாளர்கள் கூடுகிறார்கள், நாடகத்திலும் சினிமாவிலும் தங்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேசப்போகிறார்கள், அதில் நீ எழுதிய காட்சி ஒன்றையும் மேடையில் நடிக்கப்போகிறார்கள், வா அம்மா என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு டிக்கெட். ஒன்றே ஒன்று. கவரை உதறிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், இன்னொன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று. இல்லை. உன் அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு, அவனா?" என்றார். "ஆமா" என்றேன். "சுகமா இருக்கானாமா?" என்றார். "இருக்கானாம்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானும் டிக்கெட்டை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் வருவேனா மாட்டேனா, அதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? சொல்கிறேன். ஆனால் என் வாய் உனக்குத் தெரியும், சுற்றி வளைத்துத்தான் முடிப்பேன். ஃபோனில் சொன்னால் "ஓகே மா, ஓகே மா" என்று பாதியில் கத்தரித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், தமிழில்தான். சர்ச் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளெல்லாம் டோனட் தின்னும்போது உன்னை மட்டும் படிக்கட்டில் உட்காரவைத்து அழ அழ எழுத்துக்கூட்ட வைத்தேனே, அது இன்றைக்கு உதவட்டும். சத்தம் போட்டு மெதுவாக வாசி, புரியும். இதை நகலெடுத்து நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் அனுப்பப்போகிறேன். போடமாட்டார்கள். இருந்தாலும் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவராவது படித்துத் தொலைக்கட்டும். எனக்கு இருக்கிற அருவருப்புக்கு ஒரு வாசகன் போதாது.

அந்தப் பொங்கல் சனிக்கிழமையை நான் மறுபடியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ அதை மேலே லைட் ரூமிலிருந்து பார்த்தாய். நான் கீழேயிருந்து பார்த்தேன். இஞ்சினியரிங்கை விட்டுவிட்டு நீ அந்தப் பழைய பள்ளிக்கூட அரங்கத்தில் விளக்குப் போடுகிற வேலைக்குப் போனபோது உன் அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம் எடிசன் ஊரில் அவனவன் பிள்ளை ஒய்-டூ-கே வேலை என்று கம்ப்யூட்டர் கம்பெனியில் பணம் அள்ளிக்கொண்டிருக்க, என் பிள்ளை ஏணியில் ஏறி பல்பு மாட்டுகிறான் என்று ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் காய்கறி வாங்கப் போகவே கூசினார். ஆனால் சங்கத்துக்கு மண்டபம் கிடைக்காமல் திண்டாடியபோது "சார், உங்க பையன் மூலமா ஏதாவது பண்ண முடியுமா?" என்று நாடகச் செயலாளர் சபாபதி அங்கிள் நம் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார். நீ முடித்துக் கொடுத்தாய். காலையிலிருந்து நாலு மணி வரை கறுப்பின எழுத்தாளர்களின் கூட்டம், சாயங்காலம் நம்முடைய பொங்கல் விழா. இரண்டுக்கும் சாவி உன் கையில். அன்றைக்கு உனக்கு இருந்த பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

புளியோதரைத் தட்டுகளைச் சூடு பண்ணி வைக்கலாம் என்று நான் சீக்கிரமே வந்தேன். "அம்மா, ஜஸ்ட் ஒன் அவர், ப்ளீஸ்" என்று நீதான் கையைப் பிடித்து இழுத்துப் பின்வரிசையில் உட்காரவைத்தாய். மிஸ் ஐரீன் பேசிக்கொண்டிருந்தார். உனக்கு அவர் நாடகம் எழுதக் கற்றுத்தந்த வாத்தியார், நான் அவரைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறும் ஸ்டாக்கிங்ஸோடு மேடையில் நின்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இந்தக் காலோடு இவ்வளவு நேரம் நிற்கக் கூடாதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது, நர்ஸ் புத்தி. பிறகு கால் மறந்துபோயிற்று. வயதுக்காலத்தில் எழுத்தாளர் ஆனவராம், அதற்கு முன்னால் நடிகை. வேலைக்காரி வேஷம், வேலைக்காரி வேஷம், மறுபடியும் வேலைக்காரி வேஷம். ஆள் தேர்வுக்குப் போகும்போது சொந்த ஏப்ரனைப் பையில் வைத்துக்கொண்டே போவாராம், எப்படியும் அதைத்தானே கேட்கப்போகிறார்கள் என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அதை நானே தைத்தேன், நானே துவைத்தேன், நானே கஞ்சி போட்டேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் கண்ணாடி போட்ட ஒரு பையன், சினிமாவுக்கு எழுதுகிறவன். தன் அப்பாவைப் போல ஒரு பல் டாக்டரைப் பற்றிக் கதை எழுதினானாம். எல்லாம் பிரமாதம், ஆனால் இந்த டாக்டர் முன்னாடி ஒரு தடவை ஜெயிலுக்குப் போய்வந்திருந்தால் இன்னும் நம்பும்படி இருக்கும் என்று படக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது பார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எங்கள் ஓய்வறையில் கறுப்பு நர்ஸுகள் தங்களுக்குள் சிரிக்கும் சிரிப்பு. நான் உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று இத்தனை வருஷமும் நான் யோசித்ததே இல்லை. மிஸ் ஐரீன் மறுபடியும் எழுந்து பழைய கதை ஒன்றைச் சொன்னார். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கரியைப் பூசிக்கொண்டு இவர்களைப் போல நடித்துச் சிரிக்கவைத்தார்களாம். பிறகு இவர்களுக்கே மேடை கிடைத்தபோது, இவர்களும் தங்கள் சொந்தத் தோலுக்கு மேலே கரி பூசிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்ததாம். பிறந்த நிறம் போதவில்லையாம், பார்க்கிறவர்களுக்கு. எத்தனையோ புண்ணுக்குக் கட்டு மாற்றியவள் நான். அப்போதெல்லாம் வராத குமட்டல் அந்த நாற்காலியில் வந்தது.

ஒன்று கவனித்தேன், உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ போட்டிருந்த வெளிச்சத்தில் கடைசி வரிசையில் இருந்த எனக்கு அந்த அம்மாவின் முகத்தில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. புருவம் தூக்குவது தெரிந்தது. கறுத்த முகம்தான், நம் வீட்டில் உன் அப்பா நிறம். என் பிள்ளைக்கு வேலை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவர்களுக்கு நம் தட்டிலிருந்து வடை எடுத்துக் கொடுத்தவள் நான். சாயங்காலம் என்ன விசேஷம் என்று மிஸ் ஐரீன் கேட்டார். அறுவடைத் திருநாள், கடைசியில் நகைச்சுவை நாடகம், என் வீட்டுக்காரரும் நடிக்கிறார் என்றேன். "நடிகரா? அப்படியானால் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன்" என்றார். இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நீ ஓடிப்போய் முன்வரிசையில் அவர்களுக்கு நாற்காலி ஒதுக்கினாய்.

உன் அப்பா எப்படிப்பட்ட நடிகர் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அவரை நடிகராகப் பார்த்ததே இல்லை. சங்கம் அவருக்குக் கொடுத்த வேஷங்களைத்தான் பார்த்திருக்கிறாய். ஒரு வருஷம் எமதூதன், ஒரு வருஷம் பூதம், அப்புறம் வாட்ச்மேன், அடியாள், மறுபடி எமதூதன். மேக்கப் போடும் அறையில் எல்லார் முகத்திலும் ரோஸ் பவுடரை அப்பி அப்பி வெள்ளைக்காரனாக்கிக்கொண்டிருப்பார்கள், அவர் முறை வரும்போது மட்டும் "சாருக்கு செலவே இல்லப்பா, நேச்சுரல்" என்று சபாபதி அங்கிள் ஒரு ஜோக் அடிப்பார். வருஷா வருஷம் அதே ஜோக். வருஷா வருஷம் உன் அப்பாவும் சிரிப்பார். நம் ஜனங்களின் இந்தக் கேவலம் உன்னைத் தொடாமல் போயிற்று என்று நினைக்காதே. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த நம் ஆன்ட்டிகள் உன் முகத்தைப் பார்க்கவில்லை, காதுமடலைப் புரட்டிப் பார்த்தார்கள், பின்னால் என்ன நிறம் வரும் என்று தெரிந்துகொள்ள. "பரவால்ல, அம்மா கலர்தான் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்! எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே கதைதான். பையன் கறுப்பு, ஆனால் அமெரிக்கா என்றார்கள். அமெரிக்கா அவரை ஒரே நாளில் வெளுத்துவிட்டது. தூ.

அன்று நாடகம் தொடங்க அரை மணி இருக்கும்போது உன் அப்பா சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். முகம் முழுக்கக் கரி, உதட்டைச் சுற்றிச் சிவப்பு, தலையில் சுருட்டை முடி டோப்பா, கையில் பொம்மைத் துப்பாக்கி. நியூயார்க் ஸ்டேஷனில் புது மாப்பிள்ளையை மறித்துப் பணம் பறிக்கிற கறுப்பனாம். "எப்படி இருக்கு?" என்று கண்ணை உருட்டிக் காட்டினார். சந்தோஷமாக இருந்தார் ராஜா, அதுதான் கொடுமை. "முதல்ல இதைக் கழுவுங்க. அந்த ஜனங்க இன்னும் முன்னாடிதான் உட்காந்திருக்காங்க" என்றேன். அவர் முகம் ஒரு நிமிஷம் வாடியது. அதற்குள் சபாபதி அங்கிள் வந்துவிட்டார். "என்ன சிஸ்டர் நீங்க, இதுல என்ன இருக்கு? அவங்களும் நம்ம டிராமாவுல வர்றாங்கன்னு ஹாப்பியாத்தான் ஃபீல் பண்ணுவாங்க. இன்க்ளூட் பண்ணியிருக்கோம்ல?" என்றார். எம்.எஸ். படித்தவர், ராஜா. மேனேஜர். மனதார நம்பித்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. நான் சபாபதியோடு சண்டை போடவில்லை. உன் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "காமெடிதானே, விடு" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். நான் உன்னைத் தேடி ஓடினேன். லைட் ரூமுக்கு ஏறும் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், மேளச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் மேலேயிருந்து உனக்குச் சிரிப்புதான் கேட்டிருக்கும். நான் ஓரத்தில் நின்று முகங்களைப் பார்த்தேன். உன் அப்பா உள்ளே வந்ததும் மண்டபமே அதிர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். முன்னால் இரண்டாவது வரிசை முதலில் அடங்கியது, பிறகு மூன்றாவது, பிறகு அதற்குப் பின்னால். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்காக ஞாபகம் வந்தது. கடைசி வரிசைக்கு மட்டும் வரவேயில்லை, அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் நீ எல்லா விளக்கையும் அணைத்தாய். யாரோ ஒருத்தன், "இங்கயும் கரன்ட் கட்டா?" என்று கத்தினான். அதற்கும் ஒரு சிரிப்பு. வெட்கங்கெட்ட ஜனங்கள்.

வெளிச்சம் வந்தபோது அவர்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். கண்ணாடி போட்ட பையன் மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனான். மிஸ் ஐரீனுக்குச் செருப்பு மாட்ட முடியவில்லை, வீக்கம் ஏறியிருந்தது. நான் கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டேன். "ஸாரி" என்ற வார்த்தை வாய்வரை வந்து அற்பமாக நின்றது. அவர் என் தலைக்கு மேலே மேடையைப் பார்த்தபடி, "அவர்தான் உன் புருஷனா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல நடிகர். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எல்லாம் தெரிகிறது. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ படியிறங்கி வந்தாய். கரி முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு வந்த உன் அப்பாவைத் தாண்டிக்கொண்டு போனாய், ஏதோ தூணைத் தாண்டுகிற மாதிரி. அன்றைக்கு அது சரிதான். நான் உன் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கரி சுலபத்தில் போகவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்தார், சோப்பு போட்டுத் தேய்த்தார். மறுநாள் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் காலரில் கறை. நான் அவரோடு பேசவில்லை. ஒரே மேஜையில் சாப்பிட்டோம், அவ்வளவுதான். "நான் யாரையும் கேலி பண்ணணும்னு பண்ணல" என்றார் ஒரு நாள். "கேலி பண்றது உங்களுக்குத் தெரியலைன்னா, உங்களை வருஷக்கணக்கா கேலி பண்ணினதும் தெரியலைன்னுதான் அர்த்தம்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அந்த வாரம்தான் நீ ஓக்லண்டுக்குப் போவதாக ஃபோன் செய்தாய், உன் பெட்டியை எடுத்துப்போக உன் சிநேகிதன் வந்தான். அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டது உன் அப்பா. இதை அவன் உன்னிடம் சொன்னானா தெரியாது.

இதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சபாபதி அங்கிள் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். சமாதானத்துக்கு என்று நினைத்தேன். இல்லையாம். நீ விளக்கை அணைத்து விழாவைக் கெடுத்ததற்குச் சங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமாம், கமிட்டியில் பேசியிருக்கிறார்களாம். "சின்னப் பையன், கொஞ்சம் கண்டிச்சு வையுங்க சார். அந்த ஜனங்ககூடச் சேர்ந்து கெட்டுப் போயிடப் போறான்" என்றார். "அந்த ஜனங்க" என்று சொல்லும்போது மூக்கைச் சுளித்தாரே, அந்த மூஞ்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். உன் அப்பா ஸ்வீட் டப்பாவை மேஜையில் வைத்தார். பிறகு, "சபாபதி, நான் ஹீரோ வேஷம் கேட்டேனே, என்ன சொன்னீங்க அப்ப?" என்றார். அங்கிளுக்குப் புரியவில்லை. "அது... லைட்டிங் ப்ராப்ளம் சார். ஸ்டேஜ்ல உங்க முகம் பின்னாடி வரைக்கும் எடுக்காது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். விழா அன்று காலையில் நீ மிஸ் ஐரீனுக்குப் போட்ட வெளிச்சத்தை, கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்த அந்த முகத்தை, வாய்க்கு வந்தபடி அவருக்குச் சொன்னேன். என்னென்ன சொன்னேன் என்று மலரில் போட முடியாது. உன் அப்பா என்னைத் தடுக்கவில்லை. ஸ்வீட் டப்பாவை எடுத்துச் சபாபதி கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து சங்கத்துக்குப் போகவில்லை. அதனால் அவர் செய்தது இல்லையென்று ஆகிவிடாது, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் பட்டிருக்கிற கடன் அப்படியே இருக்கிறது. மிஸ் ஐரீனின் முகவரியை உன்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்கச் சொன்னார். கேட்கமாட்டேன், நீங்களே கேளுங்கள் என்றேன்.

இப்போது உன் கவருக்கு வருகிறேன். டிக்கெட்டோடு உன் காட்சியின் தாள்களையும் வைத்திருந்தாய். ட்யூட்டி முடிந்து வந்து காரிலேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு சமையலறை. ஒரு இந்திய அப்பா, முகத்தில் பாதி கழுவிய கரி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். ஏதோ கோமாளி ஆங்கிலத்தில் கார் மைலேஜ் பற்றியும் தள்ளுபடிக் கூப்பன் பற்றியும் உளறுகிறார். சோப்பில் வழுக்கி விழுகிறார். மகன் வந்து இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறான். பிரமாதமாகத்தான் பேசுகிறான், எனக்கே கண் கலங்கியது. அப்பா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். பிறகு வெளியே போய்விடுகிறார். ஓரத்தில் பேனாவால் நீ எழுதியிருந்ததையும் பார்த்தேன், பக்கத்து ஊர் ஃப்ரீமான்ட்டில் ஒரு பஞ்சாபிப் பையன் கிடைத்திருக்கிறானாம், அந்த ஆக்ஸன்ட்டை அப்படியே பண்ணுகிறானாம், ஒத்திகையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

சீ.

ஆமாம், உன்னைத்தான். சபாபதியைச் சொன்ன அதே வாயால்தான் சொல்கிறேன். உன் அப்பா எப்போதடா தலையை அப்படி ஆட்டினார்? அவர் ஆங்கிலம் உன் ஆங்கிலத்தைவிடச் சுத்தமானது, உன் ஸ்கூல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்ததே அவர்தான். அந்தக் கண்ணாடிப் பையன் தன் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பச் சொன்னார்கள் என்று குமுறியபோது நீயும் மேலேயிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அவனாவது அடுத்தவன் சொல்லிக் குமுறினான். உன்னிடம் யார் கேட்டார்கள்? நீயாகவே உன் அப்பாவை வழுக்கி விழவைத்து அந்தச் சபைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறாய். உனக்குக் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம். அந்த மனுஷர் செய்த அசிங்கத்தைச் செய்தபடியே எழுது, ஒரு பொட்டு குறைக்காதே, கரியைப் பூசியது, கண்ணை உருட்டியது, "காமெடிதானே, விடு" என்றது, எல்லாம் எழுது. நான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் அவர் செய்யாததைச் செய்யவைத்துச் சிரிப்பு வாங்காதே. அதைப் பார்க்க நான் ட்யூட்டி மாற்றிப் போட்டு, பிளேன் ஏறி, நாடு முழுக்கக் கடந்து வர வேண்டியதில்லை. இங்கேயே சங்கத்தில் நிறையப் பார்த்தாயிற்று.

இந்தத் தாள்களை அவரிடம் காட்டக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். தலையாட்டுவதை வாசித்தேன், கூப்பனை வாசித்தேன், வழுக்கி விழுவதை வாசித்தேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். இல்லை. மகன் பேசுகிற இரண்டு பக்கம் வந்தபோது, "மெதுவா வாசி" என்றார். முடித்ததும், "நல்லா எழுதுதான்" என்றார். என்னிடமிருந்து தாள்களை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று. திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மகன் இவ்வளவு பேசுதானே, அதுக்கு அந்த அப்பா என்ன சொல்லுதான்?"

"ஒண்ணும் சொல்லல. வெளியே போயிடறார்" என்றேன்.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் தாள்களைத் தட்டி நேராக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சபாபதியாவது எனக்கு ரெண்டு வசனம் குடுத்தாம்லா" என்றார்.

எனக்கு ஒரு டிக்கெட் வேண்டாம் ராஜா. இரண்டு அனுப்பினாலும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த அப்பாவைப் பேசவை. அவர் கெஞ்சட்டும், சண்டை போடட்டும், தப்பு என்று ஒத்துக்கொள்ளட்டும், ஒத்துக்கொள்ளாமல் போகட்டும், அது உன் நாடகம். ஆனால் என்ன பேசுவார் என்று நீயாக எழுதிவிடாதே, உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடு, நான் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் நான் எடுக்கமாட்டேன்.

அம்மா